மகளுக்கு ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா?

"பெண் பிள்ளைக்குத் துப்பாக்கியா!" என்று தலைப்பைப் பார்த்ததுமே உங்களில் பாதிப் பேர் மோவாயில் கை வைத்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் தெருவிலும் முதலில் எழுந்த பேச்சு அதுதான். ஒரு மிக்ஸி வாங்குவதானாலும் நாலு பேரிடம் விசாரித்து, நாலு கடை ஏறி இறங்கித்தானே வாங்குகிறோம்? ஏர் ரைஃபிள் விஷயத்தில் மட்டும் விசாரிக்க ஆள் கிடையாது. யாரையாவது கேட்டால் ஒன்று பயமுறுத்துகிறார்கள். இல்லாவிட்டால், "அது சும்மா விளையாட்டுச் சாமான்தானே" என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. ஒன்றரை வருஷமாக விசாரித்து, வாங்கி, வீட்டில் வைத்துப் பழகியதில் தெரிந்துகொண்டதை என்னைப் போன்ற தாய்மார்களுக்குச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் திருவதிகை. பண்ருட்டியை ஒட்டினாற்போல் கெடிலக் கரையில் இருக்கிறது. மேரு மலையை வில்லாக வளைத்துச் சிவபெருமான் முப்புரம் எரித்த தலம். குறி பார்க்கிற கதை எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குப் புதிதில்லை. தேர்த் திருவிழாவில் வளையல் கடை, ராட்டினத்தோடு பலூன் சுடும் கடையும் வந்துவிடும். என் பெரியவளுக்கு வளையல் கடையை விட அந்தக் கடை மேல்தான் கண். "அம்மா, இதை நிஜமாவே கத்துக்கலாமா?" என்று கேட்டாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

நிஜமாகவே கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதுவும் நம் கடலூரில் பிறந்த பெண்!

கடலூரில் பிறந்த இளவேனில்

இளவேனில் வாலறிவன் என்ற பெயரைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். 1999ல் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அவருடைய பிரிவு. 2018ல் சிட்னியில் ஜூனியர் உலகக் கோப்பைத் தங்கம், 2019ல் ரியோ டி ஜெனிரோவில் பெரியவர்களுக்கான உலகக் கோப்பைத் தங்கம், 2025ல் கஜகஸ்தானில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம் என்று வரிசையாக வாங்கியிருக்கிறார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் நம் நாட்டுக்காகச் சுட்டார்.

2024 பாரிஸ் போட்டியின் கணக்கைச் சொன்னால் இந்த விளையாட்டு எவ்வளவு நுணுக்கமானது என்று புரியும். தகுதிச் சுற்றில் 60 முறை சுட வேண்டும். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி, எல்லாம் நடுவில் பட்டால் 654. இளவேனில் எடுத்தது 630.7. அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் சராசரி பத்தரைப் புள்ளி. அப்படியும் அவருக்குப் பத்தாவது இடம்தான் கிடைத்தது. முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று.

அந்தக் குறியில் பத்துப் புள்ளிக்கான நடுப்புள்ளி அரை மில்லி மீட்டர். ஒரு கடுகை விடச் சின்னது! அதைப் பத்து மீட்டர் தள்ளி நின்று அடிக்க வேண்டும். பலமோ உயரமோ இதற்குத் தேவையில்லை. அசையாமல் நிற்கத் தெரிந்தால் போதும். 1984ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களுக்கு இந்தப் போட்டி முதன்முதலாக வைக்கப்பட்டபோது தங்கம் வாங்கியவர் பதினெட்டு வயது அமெரிக்கப் பெண். அப்போதெல்லாம் பெண்களுக்கு 40 குண்டுதான். 2018 முதல் ஆண்களைப் போலவே 60 என்று ஆக்கிவிட்டார்கள்.

வீட்டிலேயே பழக முடியுமா என்று கேட்கிறீர்களா? 2008ல் பெய்ஜிங்கில் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினாரே அபினவ் பிந்த்ரா, அவருக்குச் சண்டிகர் பக்கம் இருந்த வீட்டிலேயே சுடும் கூடம் அமைத்துக் கொடுத்தார் அவர் அப்பா. நமக்கு அந்த வசதி ஏது? ஆனால் கொல்லை இருக்கிறதே!

மாமியார் சொன்னதிலும் நியாயம் இருந்தது

பேச்சை எடுத்ததுமே என் மாமியார் தடுத்துவிட்டார். "ஏம்மா, ஊருல எத்தனை விளையாட்டு இருக்கு? கோகோ ஆடட்டும், கேரம் ஆடட்டும். கண்ணு போற சாமானையா ஊட்டுக்குள்ள கொண்டாரணும்?"

அவர் சும்மா சொல்லவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ஒரு பையன், முந்திரித் தோப்பில் மைனா அடிக்கிறேன் என்று ஏர் கன்னை எடுத்துக்கொண்டு போனான். கூடப் போன சிறுவனின் கண்ணில் குண்டு பட்டுவிட்டது. ஒரு கண் பார்வை போனது போனதுதான். இரண்டு குடும்பமும் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தப் பையனின் தாயாரைக் கடைத்தெருவில் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும்.

ஆகவே முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறைவு, குண்டு பயறளவு என்பதால் ஏர் ரைஃபிளைப் பொம்மை என்று நினைக்கக் கூடாது. கிட்டத்தில் பட்டால் தோலைத் துளைக்கும். கண்ணில் பட்டால் கண் போகும். மேல்நோக்கிச் சுட்டுவிட்டால் இருநூறு மீட்டருக்கு அப்பாலும் போய் விழும்.

குருவி, மைனா, கொக்கு, கிளி என்று எதையும் சுடக் கூடாது. 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பிள்ளை ஏர் ரைஃபிள் கேட்கிறது என்றால், எதைச் சுடுவதற்கு என்று முதலில் கேளுங்கள். "காகிதத்தை" என்று பதில் வந்தால் மேலே பேசலாம். வேறு பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 4.5 மில்லி மீட்டருக்கும் சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. கடைக்காரர்கள் இதைப் 'பாயிண்ட் ஒன் செவன் செவன்' என்பார்கள்; அது அங்குலக் கணக்கு. ஒலிம்பிக்கிலும் இதே 4.5தான். 5.5 மில்லி மீட்டர் என்று ஒன்று உண்டு. அது லைசென்ஸ் கேட்கிற ரகம். நமக்கு அந்தப் பக்கமே வேண்டாம்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக யாரிடமோ கைமாற்றில் வாங்கிவிடாதீர்கள். ஆயுத வியாபாரத்துக்கு உரிமம் பெற்ற கடையில், பெரியவர் பெயரில், பில்லோடு வாங்குங்கள். நாங்கள் வாங்கியபோது ஆதார் நகலும் முகவரிச் சான்றும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விதிமுறைகள் அவ்வப்போது மாறும். அதனால் கிளம்புவதற்கு முன் கடையிலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. என் வீட்டுக்காரர் பில் நகலைக் கொண்டு போய்க் காட்டிவிட்டே வந்தார். பக்கத்து வீட்டில் யாராவது ஏதாவது சொன்னாலும் நமக்குப் பயமில்லை பாருங்கள்!

எத்தனை ரகம், நமக்கு எது?

காற்றால் சுடும் துப்பாக்கியில் முக்கியமாக இரண்டு ரகம். முதலாவது ஸ்பிரிங் ரகம். குழலை மடக்கினால் உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் இறுகும். விசையைத் தட்டியதும் ஸ்பிரிங் விடுபட்டு உள்ளே இருக்கிற தண்டைத் தள்ளும். அது காற்றை அழுத்தும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். சைக்கிள் பம்பை ஒரே மூச்சில் அழுத்துகிற மாதிரிதான். இதற்கு வேறு எந்தச் சாமானும் வேண்டாம். பல வருஷம் உழைக்கும்.

இரண்டாவது ரகத்தில், அழுத்தின காற்றை ஒரு சிலிண்டரில் அடைத்து வைத்திருப்பார்கள். பெரிய போட்டிகளில் இதுதான். சுடும்போது உதறல் இருக்காது. ஆனால் காற்று நிரப்பத் தனியாகப் பம்போ பெரிய சிலிண்டரோ வேண்டும். ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷுட்ஸ் போன்ற போட்டித் துப்பாக்கிகள் லட்சக் கணக்கில் விலை சொல்லும். ஆரம்பத்தில் நமக்கு அது தேவையே இல்லை.

ஸ்பிரிங் ரகத்தை நம் நாட்டிலேயே செய்கிறார்கள். மகாராஷ்டிரத்து பிரிசிஹோல் போன்ற கம்பெனிகளின் சாமான் கடைகளில் கிடைக்கிறது. நாங்கள் வாங்கியதும் உள்நாட்டு ஸ்பிரிங் ரகம்தான். பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. ஒரு சீட்டு எடுத்த பணம்.

இன்னொன்று, பிளாஸ்டிக்கில் செய்து உருண்டையான இரும்புக் குண்டு போடுகிற துப்பாக்கி சில கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அது வேண்டாம். இரும்புக் குண்டு சுவரில் பட்டால் பந்து மாதிரி எகிறித் திரும்பி வரும். குறியும் சரியாக நிற்காது.

கடையில் ஏமாறாமல் இருக்க

கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது இருக்கிறதிலேயே பலமான துப்பாக்கி. "இது தகரத்தையே தொளைச்சிடும்மா" என்றார் பெருமையாக.

"எங்களுக்குத் தொளைக்க வேண்டியது காகிதந்தாங்க" என்றேன். சிரித்துவிட்டு வேறு பெட்டியைத் திறந்தார்.

ஏர் ரைஃபிள் வாங்குவதில் முக்கால்வாசி விஷயம் இதுதான். பலத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். உலகப் போட்டியில் சுடுகிற துப்பாக்கிகளே ஏழரை ஜூல் சுமாருக்குத்தான் இருக்கும். ஜெர்மனியில் ஏழரை ஜூலைத் தாண்டினாலே லைசென்ஸ் கேட்பார்கள். நம் சட்டம் இருபது வரை விடுகிறது என்பதற்காக இருபதை வாங்க வேண்டுமா? சக்தி கூடக் கூட ஸ்பிரிங் கடினமாகும்; பிள்ளையால் மடக்க முடியாது; உதறல் அதிகமாகும்; சத்தமும் கூடும். ஏழிலிருந்து பத்து ஜூல் வரை போதும். ஜூல் எவ்வளவு என்று பெட்டியிலோ கூட வரும் புத்தகத்திலோ போட்டிருக்கிறதா பாருங்கள்.

கடையிலேயே பார்க்க வேண்டிய மற்றவை:

எடை: இரண்டரையிலிருந்து மூன்று கிலோவுக்குள் இருந்தால் நல்லது. போட்டியில் ஐந்தரைக் கிலோ வரை விடுவார்கள், அது பழகினவர்களுக்கு. வாங்குவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் வீட்டு உலக்கையைத் தராசில் போட்டேன். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் தோளில் அணைத்து, சுவரில் ஒட்டின பொட்டைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னேன். பத்துத் தடவை. "உலக்கைய வெச்சுக்கினு யாரோட சண்டைக்கு நிக்கிறா?" என்று மாமியார் சிரித்தார். ஒரு மாதம் சலிக்காமல் நின்றாள். அதற்கப்புறம்தான் நான் சீட்டை எடுத்தேன். ஒரு மாதம் உலக்கை பிடிக்காத பிள்ளை துப்பாக்கியும் பிடிக்காது. காசு செலவில்லாத பரீட்சை இது!

நீளம்: பின் கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் சுட்டுவிரல் விசையைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அது பிள்ளைக்குப் பெரியது. "வளர்ந்தா சரியாப் போயிடும்" என்று பாவாடை வாங்குவது போல வாங்காதீர்கள். நீளமான கட்டைக்கு உடம்பை வளைத்து வளைத்து முதுகுவலி வந்துவிடும்.

மடக்குவது: பிள்ளையே மடக்கிப் பார்க்கட்டும். பத்துப் பதினைந்து தடவை திணறாமல் முடிந்தால்தான் அந்தத் துப்பாக்கி. மடக்கினதும் ஒரு கை குழலை விடவே கூடாது. குண்டு போட்டு மூடும்வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தற்செயலாக விசை தட்டினால் குழல் படாரென்று நிமிரும், விரல் நசுங்கிவிடும்.

குறி பார்க்கும் கருவி: முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு பள்ளம். இதை ஓப்பன் சைட் என்கிறார்கள். ஆரம்பத்துக்கு இது போதும். பின் சைட்டை மேலும் கீழும், இடமும் வலமும் திருகி நகர்த்த முடிகிறதா, ஆட்டமில்லாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கிற பீப் சைட்டைப் பிற்பாடு மாட்டிக்கொள்ளலாம். அதற்கு மேலே தவாளிப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள். பள்ளிக்கூடப் போட்டிகளில் ஓப்பன் சைட், பீப் சைட் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. பெரிதாகக் காட்டும் டெலஸ்கோப் வேண்டாம்; ஸ்பிரிங் உதறலில் மலிவான டெலஸ்கோப் சீக்கிரம் கெட்டுவிடும்.

விசை: கல் மாதிரி இறுகி இருந்தால் இழுக்கும்போதே குறி தப்பிவிடும். அதற்காகத் தொட்டாலே வெடிக்கிற அளவுக்கும் இருக்கக் கூடாது. தானாக விழுகிற சேஃப்டி இருந்தால் நல்லது.

காற்றுக் கசிவு: சுட்டுக் காட்ட இடம் இருக்கிற கடையானால், குழல் மூடுகிற இணைப்பின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் வைத்துச் சுடச் சொல்லுங்கள். காகிதம் பறந்தால் உள்ளே வாஷர் சரியில்லை என்று அர்த்தம். பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குண்டு: கூர்முனை, உருண்டை முனை, தட்டை முனை என்று பல தினுசு. காகிதக் குறிக்குத் தட்டை முனைதான். பஞ்சிங் மெஷின் போட்டது போல வட்டமாக ஓட்டை விழும். புள்ளி எண்ணச் சுலபம். ஒரு குண்டு அரை கிராம் சுமார்தான். 500 உள்ள ஒரு டப்பா வாங்கி, நாளைக்கு இருபது சுட்டால் இருபத்தைந்து நாளைக்கு வரும்.

கொல்லையில் இடம் அமைத்த விதம்

பத்து மீட்டர் என்றால் முப்பத்துமூன்று அடி. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கொல்லை நீளமாகவே இருக்கும். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் ஐந்து மீட்டரில் நின்று, குறியைப் பாதி அளவாக ஜெராக்ஸ் எடுத்து வைத்துச் சுடலாம்.

எங்கள் கொல்லைக் கோடியில் ஆளுயரத்துக்கு மேல் செங்கல் சுவர் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு பழைய மரப் பெட்டியை மேடை மேல் வைத்து, பழைய செய்தித்தாளையும் கந்தல் துணியையும் கெட்டியாகத் திணித்தோம். பின் பக்கத்தில் ஒரு இரும்புத் தகடு. பெட்டிக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் மணல் மூட்டை. பெட்டியின் முகத்தில்தான் குறிக் காகிதம். போட்டியில் குறியின் நடு 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். நாங்களும் அப்படியே வைத்தோம். வெறும் சுவரிலோ, மரத்திலோ, தகர டின்னிலோ காகிதத்தை ஒட்டிச் சுடாதீர்கள். குண்டு திரும்பி வரும். மொட்டை மாடியும் கூடாது. தவறினால் குண்டு எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

குறிக்கும் சுடுகிறவளுக்கும் நடுவில் எந்தக் கதவும் ஜன்னலும் இருக்கக் கூடாது. எங்கள் கொல்லையில் பக்கத்துச் சந்துக்குப் போகும் ஒரு கதவு இருந்தது. உள்பக்கம் பூட்டுப் போட்ட பிறகுதான் துப்பாக்கியை வெளியே எடுக்க வேண்டும் என்று வைத்தோம். கோழி அடைத்தாயிற்றா, சின்னவன் எங்கே இருக்கிறான் என்பதையும் பார்த்தாக வேண்டும். அவனுக்கு ஏழு வயது. அவன் என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்தான் அக்கா சுடலாம்.

எங்கள் வீட்டுச் சட்டங்கள்

இவற்றைக் காகிதத்தில் எழுதிப் பின்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

1. குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழல் எப்போதும் குறியின் பக்கமே பார்க்க வேண்டும். மனிதர் பக்கம் ஒரு நொடி திரும்பினாலும் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது.

2. குறி பார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் கூடாது.

3. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது.

4. சுடுகிறவளும் பக்கத்தில் இருக்கிற எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும்.

5. குறிக் காகிதம் மாற்றப் போகும் முன் துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைக்க வேண்டும்.

6. குண்டில்லாமல் விசையைத் தட்டக் கூடாது. ஸ்பிரிங் ரகத்தில் உள்ளே இருக்கிற தண்டு மோதிக் கெட்டுப்போகும்.

7. துப்பாக்கி ஒரு பூட்டில், குண்டு டப்பா வேறொரு பூட்டில்.

ஏழாவது சட்டத்தில்தான் என் மாமியார் மனம் மாறினார். "சாவி ரெண்டும் எங்கிட்டதான் இருக்கும். சம்மதமா?" என்றார். சம்மதம் என்றோம். இன்றைக்கும் இடுப்புச் சாவிக் கொத்தில் அந்த இரண்டும் தொங்குகின்றன. "ஆயா, சாவி" என்று கேட்டால், "கதவு பூட்டினியா? கண்ணாடி எங்க?" என்று கேட்காமல் தர மாட்டார். எங்கள் வீட்டில் இதை விடப் பெரிய பாதுகாப்பு கிடையாது!

ஈயம்: அவசியம் கவனிக்க

இந்தக் குண்டுகள் பெரும்பாலும் ஈயம். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஈயம் உடம்பில் சேர்ந்தால், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கும். ரத்தத்தில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயப்படத் தேவையில்லை, சுத்தம் வேண்டும்.

குண்டை வாயில் கவ்விக்கொள்வது சிலருக்குப் பழக்கம். கூடவே கூடாது. சுடும் இடத்தில் தின்பண்டம், காபி எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவிய பிறகுதான் சமையலறைக்குள் வர வேண்டும். அந்த இடத்தைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கித் தூசி கிளப்பாமல், ஈரத் துணியால் துடையுங்கள். அந்தத் துணியைச் சமையலறைக்கு எடுத்து வராதீர்கள். பெட்டியிலிருந்து குண்டுகளைப் பொறுக்குவது பெரியவர் வேலை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் அதைச் செய்ய வேண்டாம். தவழும் குழந்தை உள்ள வீட்டில், அது தவழ்கிற இடத்தில் இந்தப் பயிற்சியே வேண்டாம். இரண்டு மூன்று வருஷம் பொறுத்துக்கொள்ளலாம். ஈயமே இல்லாத குண்டும் கிடைக்கிறது. விலை கூடுதல்.

நிற்கவும் மூச்சு விடவும்

பக்கவாட்டாக நின்று, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, உள்ளங்கையில் துப்பாக்கியைத் தாங்க வேண்டும். தசையால் தூக்கினால் நடுங்கும்; எலும்பு தாங்கினால் நிற்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்கிறோமே, அதே சூட்சுமம்தான். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அது முன்னும் பின்னும் உதறும். தளர்வாகத் தாங்கி, உதற விட்டால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும்.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, மெதுவாக விசையை அழுத்துவது. ஏழெட்டு நொடிக்குள் முடியவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இந்த இறக்கி வைக்கிற பழக்கம்தான் பிள்ளைகளுக்கு வரவே வராது. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு சுட்டால் கண் களைத்துப் போகும். இடது கண் முன்னால் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருக்கலாம். போட்டிகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அப்புறம் எங்கே போவது?

வீட்டில் பழகுவது அரிச்சுவடி மாதிரி. அதற்கு மேல் ஆசிரியர் வேண்டும். சென்னை ரைஃபிள் கிளப், கோயம்புத்தூர் ரைஃபிள் கிளப் போன்ற இடங்களில் முறையாகச் சொல்லித் தருகிறார்கள். மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் உண்டு. 1951ல் தொடங்கிய இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் தலைவர் மவ்லாங்கர். அவர் பெயரில் நடக்கும் போட்டிதான் தேசியப் போட்டிக்கு முந்தின படி. பிள்ளைக்கு நிஜமான ஆர்வம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு லீவு நாளில் கூட்டிப் போய் அங்கே சுட்டுப் பார்க்கச் செய்யுங்கள். அங்கே இருக்கிற விலை உயர்ந்த துப்பாக்கியைப் பார்த்துவிட்டு உடனே கடன் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

என் மகள் ஒன்றும் பதக்கம் வாங்கிவிடவில்லை. ஆரம்பத்தில் இருபதில் ஐந்தாறு குண்டுதான் கருப்பு வட்டத்துக்குள் விழும். இப்போது பதினாறு, பதினேழு விழுகிறது. அதை விட, எழுத உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து போகிறவள் இப்போது ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்கிறாள். காபி தம்ளரைக் கூட நிதானமாக வைக்கிறாள் என்கிறார் என் வீட்டுக்காரர். துப்பாக்கியால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வயசும் ஏறுகிறதே!

எல்லா வீட்டுக்கும் இது ஏற்றது என்று சொல்ல வரவில்லை. பூட்ட அலமாரி இல்லை, கூட நிற்கப் பெரியவர் இல்லை, பின்னால் கெட்டிச் சுவர் இல்லை என்றால் வாங்கவே வேண்டாம். கிளப்பில் போய்ச் சுடட்டும். மூன்றும் இருந்தால், விலையை விட அளவைப் பாருங்கள், பலத்தை விட எடையைப் பாருங்கள். முதலில் உலக்கையைத் தராசில் போடுங்கள்!